தமனிச் சுவரில் இரண்டு கோடுகள்

சித்தூரில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் வண்டி இரண்டில் ஒரு திசையில் கிளம்பும். தெற்கே 35 கிலோமீட்டரில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை; இல்லையென்றால் திருப்பதியில் தேவஸ்தானத்தின் ஸ்விம்ஸ் மருத்துவமனை. ஆனால் அந்த வலிக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே ரத்தக்குழாயில் கொழுப்பு படியத் தொடங்கியிருக்கும். வலியில்லாத அந்தக் காலத்தை எட்டிப் பார்க்க ஒரு வழி, அதே கொழுப்பு படியும் கழுத்துத் தமனியை ஸ்கேன் செய்வது.

கர்ப்பிணிகளுக்குப் பழக்கமான அதே அல்ட்ராசவுண்ட்தான். தோலில் வைக்கும் புரோப் மட்டும் வேறு. வயிற்றுக்குள் ஆழமாகப் போக 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் ஒலி வேண்டும். கழுத்துத் தமனியோ தோலுக்கடியில் சில சென்டிமீட்டரிலேயே துடிக்கிறது. ஆழம் தேவையில்லை, நுணுக்கம்தான் தேவை. அதனால் 7 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி. தசைக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் ஓடும். 10 மெகாஹெர்ட்ஸில் அதன் அலைநீளம் 0.15 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தமனிச் சுவர் திரையில் தெரிவது இதனால்தான். நடுவில் கருப்பு இடைவெளி விட்டு இரண்டு வெள்ளைக் கோடுகள். அவற்றுக்கு இடையிலுள்ள தூரம் சுவரின் உள்ளடுக்கும் நடுவடுக்கும் சேர்ந்த தடிமன் என்பதை, அறுத்தெடுத்த தமனிகளோடு ஒப்பிட்டு 1986இல் காட்டியவர் இத்தாலியின் பாவ்லோ பிக்னோலி.

நம் பக்கத்து மக்களிடம் இந்த அளவு என்ன சொல்கிறது? சென்னையில் சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் வி. மோகன் குழுவினர் அளந்து 2000இல் வெளியிட்டார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சராசரி 0.95 மில்லிமீட்டர், இல்லாதவர்களுக்கு 0.74. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம். அதற்குள் எத்தனை வருடச் சர்க்கரை!

ஆனால் இதை வைத்துத் தனி ஒருவருக்கு ஜாதகம் கணிக்க முடியாது. புரோப்பைப் பிடிக்கும் கோணம் கொஞ்சம் மாறினாலே எண் மாறிவிடும். வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம் ஆகியவை சொல்வதற்குமேல் தடிமன் அதிகம் சொல்வதில்லை என்று 2013இல் அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் வழக்கமான பரிசோதனையாக அதை வேண்டாமென்றன. படிவு விஷயம் வேறு. சுவரிலிருந்து மேடாகக் கொழுப்பு புடைத்திருந்தால் நோய் வந்துவிட்டது என்றே பொருள், மருந்தும் மாறும். ஸ்கேன் எடுத்தவர்கள் தடிமனைவிட, "படிவு இருக்கிறதா?" என்றே டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

தமனியைச் சோதிக்க வேறு வழியும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான ஆர்ட்சென்ஸ் கருவி படமே எடுப்பதில்லை. ஒலியாலேயே தமனியின் விறைப்பை அளக்கிறது. இத்தகையவை சித்தூர்ப் பக்கமுள்ள குப்பத்துக்கும் பலமனேருக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை. ஏனென்றால் வழக்கமான ஸ்கேன் கருவியை ஊர் ஊராகக் கொண்டுபோவது எளிதல்ல. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைப் பதிவு செய்ய வேண்டும். கையில் எடுத்துச் செல்லும் கருவிகளுக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. பெண் குழந்தைகளைக் காக்கும் சட்டம் அது, தளரக் கூடாது. ஆனால் பல சிகிச்சைகளைச் சேர்த்துத் தரும் நடமாடும் மருத்துவ வண்டிகளுக்கு அதே விதிகள் இடம் விட்டிருக்கின்றன. அந்த வண்டியில் கழுத்துக்கான புரோப் ஒன்றும் ஏறட்டும்.