கட்டிலைத் தாங்கும் குட்டிக் கால்

ஒரு தீப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் தட்டை உருவிவிட்டு, வெளிக்கூட்டை மட்டும் மேசைமீது வைத்துப் பக்கவாட்டில் ஒரு விரலால் தள்ளுங்கள். கூடு சாய்ந்து படுத்துவிடும். இப்போது தட்டைத் திரும்பச் செருகிவிட்டுத் தள்ளிப் பாருங்கள். அசையாது. தட்டின் இரண்டு முனையிலும் இருக்கும் மெல்லிய அட்டைச் சுவர்தான் கூட்டை நிமிர்த்திப் பிடிக்கிறது.

அட்டைப்பெட்டிகளில் பிரித்து அனுப்பப்படும் துணி அலமாரியும் இப்படித்தான். இரண்டு பக்கப் பலகை, மேல் பலகை, கீழ்ப் பலகை: இந்த நான்கையும் எவ்வளவு முறுக்கி இணைத்தாலும் அது தட்டில்லாத தீப்பெட்டிக் கூடுதான். அதை நிமிர்த்துவது, பெட்டியின் அடியில் கிடக்கும் 3 மில்லிமீட்டர் முதுகுப் பலகை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்த அலமாரியில், "இது தூசி வராமல் தடுக்கத்தானே, பிறகு அடித்துக்கொள்ளலாம்" என்று அந்தப் பலகையை நான் ஒதுக்கி வைத்தேன். ஒரே வாரத்தில் கதவுகள் ஒன்றோடொன்று இடிக்க ஆரம்பித்தன. அன்று நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன். படுக்கையறைச் சாமான்களில் அற்பமாகத் தெரியும் உறுப்புகளே பெரிய பாரத்தைச் சுமக்கின்றன.

ஆறு துண்டு நாற்காலி

பிரித்து அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் பூட்டிக்கொள்ளும் யோசனை புதியதல்ல. 1859-ல் மைக்கேல் தோனெட்டின் நிறுவனம் வெளியிட்ட 14-ஆம் எண் நாற்காலி, நீராவியில் வளைத்த 6 மரத் துண்டுகள், 10 திருகுகள், 2 நட்டுகள் மட்டுமே கொண்டது. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கின. அதனால் அது கப்பலேறி உலகமெங்கும் போனது. 1956-ல் ஸ்வீடனின் ஐகியா நிறுவனத்தில் வேலை பார்த்த கில்லிஸ் லுண்ட்கிரென், காருக்குள் நுழையாத ஒரு மேசையின் கால்களைக் கழற்றினார். தட்டையான பெட்டியில் மரச்சாமான் விற்கும் வியாபாரம் அங்கிருந்து வேகம் பிடித்தது. தச்சர் பட்டறையில் நடந்த கடைசிக்கட்ட வேலை அன்றிலிருந்து நம் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டது.

தூள் பலகையும் மர முளையும்

இந்தச் சாமான்களில் பெரும்பாலானவை தேக்கோ வேம்போ அல்ல. மரச்சீவல்களைப் பிசினோடு கலந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் பலகையாக்கிய பார்ட்டிகிள் போர்டு. தேக்கில் நார்கள் நீளவாக்கில் ஓடும்; திருகின் மரை அந்த நார்களைக் கவ்விப் பிடிக்கும். சீவல் பலகையில் அப்படித் தொடர்ந்து ஓடும் நார் கிடையாது. ஒரே துளையில் இரண்டு மூன்று முறை திருகைக் கழற்றி மாட்டினாலே உள்சுவர் பொடிந்துவிடும்.

இந்தக் குறையை ஈடுகட்டத்தான் கேம் லாக் என்னும் சிறு உலோக வட்டு. பெரும்பாலும் 15 மில்லிமீட்டர் விட்டம், பெரிய சட்டைப் பொத்தான் அளவு. அதனுள் ஒரு பள்ளம் மையத்தை நோக்கிச் சிறுகச் சிறுக நெருங்கிச் செல்லும். வட்டைத் திருப்பும்போது, எதிர்ப்பலகையில் மாட்டிய எஃகு ஊசியின் தலையை அந்தப் பள்ளம் பிடித்து உள்ளே இழுக்கிறது. சரிவுப் பலகையை வட்டமாக வளைத்து வைத்த மாதிரி. சுமார் அரைச் சுற்றில் இரண்டு பலகைகளும் இறுகிச் சேர்ந்துவிடும். வட்டின் முகத்தில் உள்ள அம்புக்குறி, ஊசி நுழையும் பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காவிட்டால் ஊசி பள்ளத்துக்குள் போகாது. பலகையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

கேம் இழுத்துப் பிடிக்கும், சரி. தட்டில் அடுக்கிய புடவைகளின் எடையைத் தாங்குவது யார்? அந்த எடை இணைப்பைக் கத்தரிக்கோல் போல வெட்டப் பார்க்கும். அதற்குக் குறுக்கே நிற்பது விரல் நுனி நீளமுள்ள மர முளை. "கேம்தான் இருக்கிறதே" என்று முளைகளைத் தவிர்ப்பவர்கள், முழு எடையையும் மெல்லிய ஊசியின்மேல் ஏற்றுகிறார்கள். முளையில் மரப்பசை தடவினால் இணைப்பு இன்னும் உறுதிப்படும். ஆனால் பிறகு பிரிக்க முடியாது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் பசையைத் தவிர்ப்பது நல்லது.

கூடவே வரும் ஆலன் கீ குட்டையாக இருப்பதிலும் ஒரு நன்மை உண்டு. திருப்பு விசை என்பது கை கொடுக்கும் விசையை நெம்புகோலின் நீளத்தால் பெருக்கிய அளவு. கைப்பிடி குட்டையானால், பலகை உடையும் அளவுக்கு விசை எளிதில் போய்ச் சேராது. மின் டிரில்லை எடுப்பவர்கள் இந்தப் பாதுகாப்பை இழக்கிறார்கள். டிரில்லைப் பயன்படுத்தினால் மிகக் குறைந்த விசையில் வைத்து, கடைசிச் சுற்றைக் கையாலேயே முடியுங்கள். கழற்றிய திருகைத் திரும்ப மாட்டும்போது, முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுழற்றுங்கள். 'டிக்' என்று இறங்கினால் பழைய மரையில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அதன்பின் வலப்பக்கம் திருப்பினால் மரை சிதையாது. ஏற்கெனவே சிதைந்த துளையில், மரப்பசையில் தோய்த்த தீக்குச்சிகளைத் திணித்து, ஒரு நாள் காயவிட்டுத் திருகினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும்.

இரண்டு மூலைவிட்டம், ஒரே அளவு

அனுபவமுள்ளவர்கள் எந்தத் திருகையும் முதலிலேயே முழுதாக இறுக்க மாட்டார்கள். எல்லாவற்றையும் முக்கால்வாசி மாட்டிவிட்டு, சட்டம் சதுரமாக நிற்கிறதா என்று பார்த்தபின் இறுக்குவார்கள். ஒரு மூலையை முன்கூட்டி இறுக்கினால் அதன் கோணல், கடைசி மூலையில் துளைக்கு நேராகத் துளை வராமல் வந்து நிற்கும்.

சதுரம் பார்க்க மூலைமட்டம்கூட வேண்டாம், அளவு நாடா போதும். சட்டத்தைத் தரையில் கிடத்தி, எதிரெதிர் மூலைகளைக் குறுக்காக அளந்து பாருங்கள். செவ்வகத்தின் இரண்டு மூலைவிட்டங்களும் சமம். 180 செ.மீ. உயரமும் 90 செ.மீ. அகலமும் உள்ள அலமாரியில் ஒவ்வொன்றும் சுமார் 201 செ.மீ. இருக்க வேண்டும். மேல்பக்கம் ஒரே ஒரு செ.மீ. சாய்ந்திருந்தாலும் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் வித்தியாசம் தெரியும். கண்ணுக்குப் பிடிபடாத கோணலை நாடா காட்டிக்கொடுத்துவிடும். நீளமாக உள்ள மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் உள்நோக்கி அழுத்தினால் சட்டம் நேராகும். நேரான அந்த நிலையிலேயே முதுகுப் பலகையை வைத்து, கையேடு சொல்லும் எண்ணிக்கையில் ஆணிகளை அடியுங்கள். கோணலாக இருக்கும்போது அடித்தால் கோணலே நிலைத்துவிடும்.

பரணுக்குக் கீழே பித்தாகரஸ்

அலமாரியைத் தரையில் கிடத்திப் பூட்டிவிட்டுத் தூக்கி நிறுத்துவதுதான் வழக்கம். நம் வீடுகளில் இங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. பரண் 213 செ.மீ. உயரத்தில், அதாவது 7 அடியில் இருக்கிறது. அலமாரி 210 செ.மீ. தாராளமாக நுழையும் என்று தோன்றும். ஆனால் சாய்த்து நிமிர்த்தும்போது மேலே எழுவது அலமாரியின் உயரமல்ல, பக்கவாட்டு மூலைவிட்டம். ஆழம் 60 செ.மீ. என்றால் அது 218 செ.மீ.க்கும் மேல். பரணின் அடியில் இடித்து நிற்கும். ஆகவே அறையின் நடுவில், மின்விசிறியை அணைத்துவிட்டு, இறக்கை இடிக்காத இடம் பார்த்து நிமிர்த்தி, பிறகு இருவராகத் தள்ளி உள்ளே கொண்டுபோங்கள். கூரை தாழ்வான அறையில் பூட்டத் தொடங்கும்முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

கட்டிலின் நடுக்கால்

கட்டிலுக்கு வருவோம். 'குயின்' அளவுக் கட்டிலின் மெத்தை 60 அங்குல அகலம். அதன் குறுக்கே போகும் பலகையின் நடுவில் ஒருவர் உட்கார்ந்தால் பலகை தொய்யும். அந்தத் தொய்வு, தாங்கலுக்குத் தாங்கல் உள்ள தூரத்தின் மும்மடியைப் பொறுத்தது. தூரம் இரட்டித்தால் தொய்வு எட்டு மடங்கு. பாதியானால் எட்டில் ஒரு பங்கு. பலகைகளை நடுவில் தாங்கும் நீள விட்டத்துக்கு அடியில் வரும் குட்டிக் கால் செய்வது, அந்தத் தூரத்தைப் பாதியாக்கும் வேலையைத்தான். அது தரையைத் தொடாமல் அரை செ.மீ. அந்தரத்தில் தொங்கினால், இருந்தும் இல்லாத கணக்கு. மெத்தை போடும்முன் குனிந்து, நடுக்காலின் அடியில் ஒரு காகிதத்தைச் செருகிப் பாருங்கள். தடையின்றி நுழைந்தால், காலடியில் உள்ள திருகைச் சுற்றி இறக்குங்கள்.

புரண்டு படுக்கும்போது வரும் 'கிரீச்' சத்தம், இரண்டு பரப்புகள் ஒட்டி ஒட்டி நழுவுவதால் எழுவது. வயலின் தந்தியில் வில் எழுப்பும் ஒலிக்கும் காரணம் இதுவே. பூட்டிய இரண்டு மூன்று வாரங்களில் மரம் அமுங்கி, போல்ட்டுகள் சற்றே தளர்ந்திருக்கும். ஒருமுறை இறுக்கிவிட்டு, உரசும் இடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் பெரும்பாலும் சத்தம் அடங்கும்.

சீவல் பலகைக்குப் பெரிய பகை தண்ணீர். ஓரத்தில் ஒட்டிய பட்டை பிரிந்த இடத்தில் ஈரம் ஏறினால் பலகை ஊதிவிடும். காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. தினமும் தரை துடைக்கும் வீடுகளில் அடியில் பிளாஸ்டிக் புஷ் கட்டாயம் இருக்கட்டும். பிசினிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கசியக்கூடும் என்பதால், முதல் சில நாட்கள் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

சுவரைப் பிடிக்கும் பட்டை

எல்லாம் முடிந்தபின் பையில் ஒரு சின்ன 'எல்' வடிவப் பட்டையும் இரண்டு திருகுகளும் மிஞ்சியிருக்கும். பலர் அதை உபரி என்று டப்பாவில் போட்டுவிடுகிறார்கள். அலமாரியைச் சுவரோடு பிணைக்கத் தரப்படும் பட்டை அது. இழுப்பறைகளை வெளியே இழுக்க இழுக்க, மொத்தச் சாமானின் ஈர்ப்பு மையம் முன்னோக்கி நகர்கிறது. திறந்த இழுப்பறையைப் படிக்கட்டாக்கி ஒரு குழந்தை ஏறினால், அந்த மையம் முன் காலைத் தாண்டிவிடும். அடுத்த நொடி அலமாரி குழந்தையின்மேல் விழும். இப்படிப் பல குழந்தைகள் இறந்த பிறகுதான், இழுப்பறை அலமாரிகள் 60 பவுண்டு, அதாவது சுமார் 27 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளைக் கணக்கில் கொண்டு சோதிக்கப்பட வேண்டும் என்று 2022 டிசம்பரில் அமெரிக்கா சட்டம் இயற்றியது.

நம் வீட்டில் அந்தச் சோதனையைச் செய்ய வேண்டியவர்கள் நாம்தான். வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது இரண்டு துளைகளைப் பூசி அடைப்பது பெரிய வேலையில்லை. துணிகளை அடுக்கும்முன், அன்றைக்கே, அந்தப் பட்டையைச் சுவரில் அடித்துவிடுங்கள்.