ஊசியால் மாறாத ஈர்ப்பு

மனிதர் ஒருவர் ஆண்பால் ஈர்க்கப்படுவதும் பெண்பால் ஈர்க்கப்படுவதும் அவரது குருதியில் ஓடும் ஹார்மோன்களைப் பொறுத்தவை என்னும் கருத்து, ஹார்மோன் ஆய்வு தொடங்கிய காலத்திலேயே பிறந்து இன்றுவரை பொதுமக்களிடையே நிலைத்திருக்கிறது. நாளமில்லாச் சுரப்பிகளில் உருவாகி, நேரடியாகக் குருதியில் கலந்து, தொலைவிலுள்ள உறுப்புகளின் செயலை ஆளும் வேதிப்பொருளே ஹார்மோன் எனப்படுகிறது. விலங்குகளில் விந்தகங்களையும் சூலகங்களையும் இடம் மாற்றிப் பொருத்தி, அவற்றின் பாலியல் நடத்தை மாறுவதைக் கண்ட வியன்னா அறிஞர் ஆய்கன் ஸ்டைனாக், தன்பாலீர்ப்புள்ள ஆண்களின் விந்தகச் சுரப்பில்தான் குறை இருக்கிறது என்று முடிவு கட்டினார். அதன்படி, முதல் உலகப் போர்க் காலத்தில் ராபர்ட் லிக்டன்ஸ்டெர்ன் என்னும் அறுவை மருத்துவர், அத்தகைய ஆண்களுக்குப் பிறருடைய விந்தகத் திசுவைப் பொருத்தினார். தொடக்கத்தில் வெற்றி என்று அறிவிக்கப்பட்ட அந்தச் சிகிச்சை, ஈர்ப்பை மாற்றவில்லை என்பது தெரிந்தபின் கைவிடப்பட்டது.

சிகிச்சை கைவிடப்பட்டாலும் அதன் அடியிலிருந்த கருத்து கைவிடப்படவில்லை. 1935இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் காளையின் விந்தகத்திலிருந்து டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்ததும், அதே ஆண்டில் அது செயற்கையாக உருவாக்கப்பட்டதும், அறுவைக் கத்தியின் இடத்தை ஊசிக்குக் கொடுத்தன. 1940களில் அமெரிக்காவில் தன்பாலீர்ப்புள்ள ஆண்களுக்கு ஆண் ஹார்மோன் செலுத்திப் பார்த்தபோது, சிலருக்கு வேட்கை மிகுந்ததே தவிர, அது செல்லும் திசை மாறவில்லை. 1944இல் புகென்வால்ட் வதைமுகாமில், டென்மார்க் மருத்துவர் கார்ல் வேர்னெட், நாஜி அரசின் ஆதரவோடு கைதிகளின் உடலில் ஹார்மோன் குப்பிகளைப் புதைத்தார். 1952இல் இங்கிலாந்தில், கணினி அறிவியலின் முன்னோடியான ஆலன் டூரிங், தன்பாலுறவுக் குற்றச்சாட்டில் சிறைத் தண்டனைக்கு மாற்றாகப் பெண் ஹார்மோன் சிகிச்சையை ஏற்க நேர்ந்தது. இரண்டு ஆண்டுகளில் அவர் இறந்தார். ஒரே ஈர்ப்பை ஓரிடத்தில் ஆண் ஹார்மோனாலும் வேறோரிடத்தில் பெண் ஹார்மோனாலும் மாற்றவோ அடக்கவோ முயன்றிருக்கிறார்கள் என்பதே, அந்த மருத்துவத்திற்கு அறிவியல் அடித்தளம் இருக்கவில்லை என்பதற்குப் போதிய சான்று.

குருதியில் உள்ள ஹார்மோன் அளவைத் துல்லியமாக அளக்கும் முறைகள் வந்த பிறகு, 1970களில் பல ஆய்வுகள் நடந்தன. அவற்றைத் தொகுத்து ஆராய்ந்த ஹைனோ மேயர்-பால்பர்க், தன்பாலீர்ப்புள்ள ஆண்களில் மிகப் பெரும்பாலோரின் டெஸ்டோஸ்டிரோன் அளவு ஏனைய ஆண்களின் அளவைப் போன்றே இயல்பானது என்று காட்டினார். புராஸ்டேட் புற்றுநோய்க்காக அந்த ஹார்மோனைக் குறைக்கும் மருந்து பெறும் ஆண்களுக்கு வேட்கை தணிகிறது. ஆனால் யார்மீது ஈர்ப்பு இருந்ததோ அது மாறுவதில்லை. வளர்ந்த உடலில் ஹார்மோன் வேட்கையின் வலிமையைக் கூட்டவோ குறைக்கவோ வல்லது, திசையைத் திருப்ப வல்லதன்று என்னும் இம்முடிவு இத்துறையில் மிக உறுதியாக நிற்பது.

எனினும் ஹார்மோனுக்கும் ஈர்ப்புக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தொடர்பு இருப்பது பிறப்பதற்கு முன்னர். 1959இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஃபீனிக்ஸும் உடன் ஆய்ந்தோரும், சினைக் கினிப்பன்றிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் செலுத்தினர். அவை ஈன்ற பெண் குட்டிகள் வளர்ந்தபின் ஆண் விலங்கின் புணர்ச்சி நடத்தையைக் கூடுதலாகக் காட்டின. இதிலிருந்து ஹார்மோனின் வேலை இரண்டு வகை என்னும் கருத்து உருவானது: கருவில் அது மூளையின் அமைப்பையே நிலையாக வடிவமைக்கிறது, பருவமடைந்த பின் அவ்வாறு அமைந்ததை இயக்க மட்டுமே செய்கிறது.

மனிதக் கருவில் இத்தகைய சோதனை செய்வது அறமன்று; ஆகவே இயற்கையாக நேரும் சில உடல்நிலைகளையே ஆய்வாளர்கள் கூர்ந்து நோக்கினர். பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி என்பது ஏறத்தாழ 15,000 குழந்தைகளில் ஒருவருக்கு நேர்வது. ஒரு நொதி குறைபடுவதால், சிறுநீரகத்தின்மேல் உள்ள அட்ரினல் சுரப்பி கருவிலேயே மிகையான ஆண் ஹார்மோனைச் சுரக்கிறது. அந்நிலையில் பிறந்த பெண்கள், அஃதில்லாத தம் சகோதரிகளைவிடக் கூடுதலான விகிதத்தில் பெண்கள்பால் ஈர்க்கப்படுவது பல ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. கருவறை ஹார்மோன் தடம் விட்டுச் செல்கிறது என்பதற்கு இது சான்று. ஆனால் அப்பெண்களில் பெரும்பாலோர் ஆண்களையே நாடுகின்றனர். ஆதலால் அந்தத் தடம் தீர்ப்பாகிவிடவில்லை.

இதற்கு எதிர்ப்புறத்தில், ஆண் குரோமோசோம்கள் இருந்தும் உடலின் உயிரணுக்கள் ஆண் ஹார்மோனை ஏற்காததால் பெண்ணுடலோடு பிறப்போர் பெரும்பாலும் ஆண்கள்பால் ஈர்க்கப்படுகின்றனர். அவர்கள் பெண்களாகவே வளர்க்கப்படுவதால், இங்கு வேலை செய்தது ஹார்மோனா வளர்ப்பா என்று பிரித்தறிய இயலாது. ஆணுறுப்பு சரிவர உருவாகாமல் பிறந்து, மருத்துவர்களின் அறிவுரைப்படி விந்தகம் அகற்றப்பட்டுப் பெண்களாக வளர்க்கப்பட்ட சிலரைப் பற்றிய பதிவுகள் இவ்விடத்தில் உதவுகின்றன. எண்ணிக்கையில் மிகச் சிலரே ஆயினும், ஈர்ப்பு பற்றிய தகவல் கிடைத்தவர்கள் வளர்ந்தபின் பெண்களையே நாடினர். ஒருவரது ஈர்ப்பை வளர்ப்பால் ஆக்கிவிடலாம் என்று நம்புவோர் இந்தத் துயரமான பதிவுகளை ஒருமுறையேனும் படிக்க வேண்டும்.

கருவிலிருந்த ஹார்மோனின் அளவைச் சுட்டுவிரல், மோதிர விரல் ஆகியவற்றின் நீள விகிதம் காட்டும் என்றும் கூறப்படுகிறது. ஆனால் பெருங்குழுக்களின் சராசரியில் தென்படும் சிறு வேறுபாட்டைக் கொண்டு தனியொருவரின் கையைப் பார்த்து ஏதும் சொல்ல முடியாது. அண்ணன்மார் எண்ணிக்கை கூடக்கூட ஓர் ஆண் தன்பாலீர்ப்புடையவராக இருக்கும் வாய்ப்பு சிறிதளவு உயர்கிறது என்பது பன்முறை உறுதிப்பட்ட செய்தி; ஆனால் ரே பிளான்சர்டும் அந்தோணி போகர்டும் அதற்குக் காட்டும் காரணம் ஹார்மோன் அன்று, தாயின் நோயெதிர்ப்பு அமைப்பு. 2019இல் ஏறத்தாழ 4.8 லட்சம் பேரின் மரபணுக்களை ஆராய்ந்த ஆய்வும் ஈர்ப்பைத் தீர்மானிக்கும் தனி மரபணு ஏதுமில்லை என்றே கண்டது. பல காரணிகள் சிறிது சிறிதாகச் சேர, கருவறை ஹார்மோன் அவற்றுள் ஒன்றாக நிற்கிறது.

கருவறை ஹார்மோனுக்கும் வளர்ந்த உடலின் ஹார்மோனுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பற்றிய தெளிவு தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு உடனடியாகத் தேவைப்படுவது. மகனோ மகளோ தன்பாலீர்ப்பைச் சொன்னவுடன் ஹார்மோன் குறைபாடு என்று கருதி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், பிள்ளையின் உடலில் இல்லாத நோய்க்கு மருந்து தேடுகின்றனர். ஈர்ப்பை மாற்றுவதாகக் கூறும் சிகிச்சைகளைத் தடைசெய்யுமாறு 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லி ஹார்மோன் ஊசி போட முன்வரும் மருத்துவர்மீது மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் அளிக்கலாம்.