உலர் பழங்களின் கன அளவை எடையாக மாற்றல்

உலர் பழங்களின் கன அளவை எடையாக மாற்றல் என்பது, சமையற் குறிப்புகளில் கோப்பை, மேசைக்கரண்டி ஆகிய அளவுகளில் தரப்படும் உலர் திராட்சை, பேரீச்சம்பழம், அத்திப்பழம் முதலியவற்றின் அளவைக் கிராமில் கணக்கிடும் முறை ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் சமையல் நூல்கள் பெரும்பாலும் கோப்பையால் அளக்கின்றன. ஐரோப்பிய நூல்கள் தராசில் நிறுக்கின்றன. ஆகவே ஒரு நாட்டின் குறிப்பை மற்றொரு நாட்டில் சமைப்போருக்கு இம்மாற்றம் தேவைப்படுகிறது. (இயற்பியலின்படி கிராம் நிறையின் அலகே. சமையலில் எடை என்றே வழங்குவதால் இங்கும் அச்சொல்லே பயன்படுத்தப்படுகிறது.)

பரும அடர்த்தி

ஒரு மில்லிலீட்டர் நீரின் எடை ஏறத்தாழ ஒரு கிராம். உலர் பழங்களுக்கு இது பொருந்தாது. கோப்பையில் பழத்துடன், பழங்களுக்கு இடையேயுள்ள காற்றும் அளக்கப்படுகிறது. இக்காற்றிடத்தையும் சேர்த்துக் கணிக்கப்படும் அடர்த்தி பரும அடர்த்தி எனப்படும்.

எடை (கிராம்) = கன அளவு (மில்லிலீட்டர்) × பரும அடர்த்தி

ஐக்கிய அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, அழுத்தாமல் நிரப்பிய ஒரு கோப்பை விதையற்ற உலர் திராட்சை 145 கிராம். அழுத்தி நிரப்பினால் 165 கிராம். அமெரிக்கக் கோப்பை 236.6 மில்லிலீட்டர் என்பதால், பரும அடர்த்தி முறையே 0.61, 0.70 ஆகிறது. பழமும் கோப்பையும் ஒன்றே. கையின் அழுத்தம் மட்டுமே 20 கிராம் வேறுபாட்டைத் தருகிறது.

ஒரே அளவுள்ள கோளங்களை ஒழுங்கின்றிக் கொட்டிக் குலுக்கினால், அவை கலனின் ஏறத்தாழ 64 விழுக்காட்டை மட்டுமே நிரப்பும். மிக நெருக்கமான அடுக்கில்கூட இது 74 விழுக்காட்டளவே என யோகான்னசு கெப்லர் 1611 இல் கருதினார். தாமசு கேல்சு 1998 இல் இதற்கு நிறுவலை முன்வைத்தார். திராட்சையோ கோளமன்று, நசுங்கவும் கூடியது. எனவே அதற்குத் துல்லியமான ஒற்றை எண்ணைத் தேடுவதில் பொருளில்லை.

வடிவமும் நறுக்கலும்

அதே அட்டவணையில் நறுக்கிய பேரீச்சம்பழம் கோப்பைக்கு 147 கிராம், பாதியாக்கிய உலர் ஆப்ரிகாட் 130 கிராம். வளையங்களாக உலர்த்திய ஆப்பிள் 86 கிராம் மட்டுமே. வளையத்தின் நடுத்துளையும் கோப்பையில் இடம்பிடிப்பதே காரணம்.

அமெரிக்கக் குறிப்புகளில் சொற்களின் வரிசையும் கவனிக்கத்தக்கது. "நறுக்கிய பேரீச்சம்பழம் ஒரு கோப்பை" எனில் நறுக்கிய பின் அளக்கவேண்டும். "பேரீச்சம்பழம் ஒரு கோப்பை, நறுக்கியது" எனில் முழுப்பழத்தை அளந்த பின் நறுக்கவேண்டும். எடையில் தரப்பட்டால் இக்குழப்பமே எழாது.

எந்தக் கோப்பை?

கோப்பை எல்லா நாடுகளிலும் ஒன்றன்று. ஆத்திரேலியக் கோப்பை 250 மில்லிலீட்டர், சப்பானியக் கோப்பை 200 மில்லிலீட்டர். ஒன்றரைக் கோப்பை உலர் திராட்சை, அமெரிக்கக் குறிப்பில் ஏறத்தாழ 218 கிராம். ஆத்திரேலியக் குறிப்பில் 230 கிராம். மேசைக்கரண்டியும் அவ்வாறே: அமெரிக்காவில் சற்றேறக்குறைய 15, ஆத்திரேலியாவில் 20 மில்லிலீட்டர். நம் வீட்டுத் தம்ளர் எந்தத் தரத்திலும் சேராது.

உணவுக் கட்டுப்பாட்டில்

பழக்கேக்கில் 20 கிராம் திராட்சை கூடினால் பெரிய தீங்கில்லை. மாவுச்சத்தைக் கணக்கிட்டு இன்சுலின் எடுத்துக்கொள்ளும் நீரிழிவு நோயாளிக்கு அது அவ்வாறன்று. 100 கிராம் உலர் திராட்சையில் ஏறத்தாழ 79 கிராம் மாவுச்சத்து (சர்க்கரை உட்பட) உள்ளது. எனவே மேற்கூறிய 20 கிராம், ஏறத்தாழ 16 கிராம் மாவுச்சத்துக்குச் சமம். அமெரிக்க நீரிழிவு உணவுத் திட்டங்களில் ஒரு மாவுச்சத்துப் பங்கு என்பதே 15 கிராம்தான். இத்தகையோர் கோப்பையைத் தவிர்த்து நிறுப்பதே நன்று.

தராசு இல்லாதபோது

கடைகளில் உலர் பழப் பொதிகள் எடை குறிக்கப்பட்டே விற்கப்படுகின்றன. அதையே அளவுகோலாகக் கொள்ளலாம். 100 கிராம் பொதியொன்றை, மில்லிலீட்டர் கோடிட்ட அளவுக் கோப்பையில் அழுத்தாமல் கொட்டி, மேற்பரப்பைச் சமன்செய்து கன அளவைக் குறித்துக்கொள்க. 165 மில்லிலீட்டர் எனில் பரும அடர்த்தி 100 ÷ 165 = 0.61. மூன்று முறை கொட்டி அளந்து சராசரி எடுத்தால் இன்னும் நம்பகமானது. வகையும் ஈரப்பதமும் மாறும்போது இவ்வெண்ணும் மாறும் என்பதால், புதிய வகைப் பழம் வாங்கும்போது மீண்டும் அளக்கவேண்டும். ஊறவைத்த பழத்துக்கு இக்கணக்கு பொருந்தாது. ஊறவைக்கும் முன்பே அளந்துகொள்ளவேண்டும்.