“திமிர் பிடித்தவள்”, “மறதிக்காரி” என்று பேர் வாங்கிய பெண்கள் - 40 வயதில் தெரிய வரும் உண்மை!

ஆரணி பட்டுத் தறியில் ஒரு பாவுக்கு ஆயிரக்கணக்கான இழைகள். ஒரு இழை அறுந்தாலும் கண்டுபிடித்து முடிச்சுப் போடவேண்டும். கண்ணும் கையும் அங்கேயே இருக்கவேண்டும்.

அந்த வீட்டில் ஒரு மருமகளுக்கு மனது ஒரு இடத்தில் நிற்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன ஆகும்?

தார் சுற்ற உட்காருவாள். பாதியில் எழுந்து அடுப்பில் பாலை வைப்பாள். பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போவாள். பால் பொங்கி வழியும். நூல் சிக்கிக் கிடக்கும்.

“உனக்கு எதுலதான்டி புத்தி நிக்குது?” - இது மாமியார்.

அடுத்த வீட்டில் இன்னொருத்தி. இழை எண்ணச் சொன்னால் விடிய விடிய எண்ணுவாள். தப்பே வராது. ஆனால் கல்யாண வீட்டில் மேளச் சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவாள். யாரையும் முகம் பார்த்துப் பேசமாட்டாள். “திமிரு புடிச்சவ” என்று தெருவே பேர் வைத்துவிடும்.

இந்த இரண்டு பேரும் ஆரணியில் மட்டும்தான் என்று நினைக்கவேண்டாம். நீங்கள் போகிற பஸ்சிலும் இருக்கலாம், வேலை பார்க்கிற ஆபீசிலும் இருக்கலாம்.

முதல் பெண்ணுக்கு ஏ.டி.எச்.டி. என்கிற கவனக் கோளாறு இருக்கலாம். இரண்டாவது பெண்ணுக்கு ஆட்டிசம் இருக்கலாம். (அரசாங்கப் பாரத்தில் “புற உலக சிந்தனையற்ற மதி இறுக்கம்” என்று போட்டிருக்கும். பேரைக் கேட்டாலே பயமாக இருக்கிறது!) இரண்டும் சிறு வயதிலிருந்தே கூட இருப்பவை. ஆனால் பல பெண்களுக்கு 30, 40, 50 வயதில்தான் தெரிய வருகிறது.

பாட்டுக்காரியின் கதை

ஸ்காட்லாந்தில் சூசன் பாய்ல் என்று ஒரு பாடகி. 2009-ல் டெலிவிஷன் போட்டி ஒன்றில் 47 வயதில் மேடை ஏறினார். அவருடைய தோற்றத்தைப் பார்த்து ஜனங்கள் சிரித்தார்கள். பாட ஆரம்பித்தார். சிரித்தவர்களே எழுந்து நின்று கை தட்டினார்கள்!

இவர் பிறந்தபோது மூளை பாதிக்கப்பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கேலிப் பட்டம் வேறு. அந்தப் பேரோடுதான் ஐம்பது வருஷம் வாழ்ந்தார்.

பிறகு ஒரு நிபுணரிடம் போனார். மூளை பாதிப்பு என்று சொன்னதே தப்பு, அது ஆட்டிசத்தில் ஒரு வகையான ஆஸ்பெர்கர் என்று தெரிந்தது. அறிவுச் சோதனையில் சராசரிக்கு மேலேயே இருந்தார். 2013 டிசம்பரில் இதை அவரே பத்திரிகைக்குச் சொன்னார். தெரிந்த பிறகு நிம்மதியாக இருக்கிறது என்றார்.

நம் நாட்டிலும் ஆள் இருக்கிறது. “ஆர்.ஆர்.ஆர்.” படத்தில் சீதாவாக வந்த ஆலியா பட், தனக்கு ஏ.டி.எச்.டி. இருப்பது சோதனையில் தெரிந்தது என்று 2024-ல் பேட்டி கொடுத்தார். பள்ளித் தோழிகளிடம் சொன்னபோது அவர்கள் ஆச்சரியப்படவே இல்லையாம்! அதே வருஷம் நடிகர் பகத் பாசிலும் தனக்கு 41 வயதில் இது தெரிய வந்தது என்றார்.

நட்சத்திரங்களுக்கு நேரத்தை ஞாபகப்படுத்த மானேஜர் இருப்பார். தறி வீட்டுப் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்?

ஏன் தெரியவில்லை?

ஆட்டிசம் பற்றி அமெரிக்காவில் டாக்டர் லியோ கேனர் 1943-ல் எழுதினார். அவர் பார்த்த 11 குழந்தைகளில் 8 பேர் பையன்கள். அதன் பிறகு டாக்டர்கள் பையன்களையே பார்த்துப் பழகிவிட்டார்கள்.

ஏ.டி.எச்.டி. உள்ள பையன் ஓடுவான், உடைப்பான். வாத்தியார் அப்பாவைக் கூப்பிட்டு விடுவார். பெண் பிள்ளை பெரும்பாலும் அப்படிச் செய்யாது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். “அடக்கமான பொண்ணு” என்று சர்டிபிகேட் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

ஆட்டிசம் உள்ள பெண்கள் பலர் மற்றவர்களைப் பார்த்து அதே மாதிரி சிரிக்க, பேசப் பழகிக்கொள்கிறார்கள். வெளியே தெரியாது. நாள் முழுக்க இப்படி நடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் உடம்பில் தெம்பு இருக்காது.

கல்யாணம், பிள்ளை, சமையல், கூலி வேலை எல்லாம் ஒன்றாகத் தலையில் விழும்போது சமாளிக்க முடியாமல் திணறுவார்கள். அப்போதும் மனச்சோர்வு என்று மட்டும் மாத்திரை கொடுக்கப்பட்டு வருஷக்கணக்கில் ஓடிவிடுவது உண்டு. சிலருக்குத் தாய் வீடே கதி!

பிள்ளைக்குப் போய்...

பல இடங்களில் விஷயம் வேடிக்கையாகத்தான் வெளியே வருகிறது. பையனைக் காட்ட டாக்டரிடம் போவார்கள். அவர் ஒவ்வொன்றாகக் கேட்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாய், “எனக்கும் சின்ன வயசுல இப்படித்தானே டாக்டர்!” என்பாள். இரண்டுமே குடும்ப வழியில் வரக்கூடியவை.

இதை ரத்தச் சோதனையிலோ ஸ்கேனிலோ கண்டுபிடிக்க முடியாது. பேசித்தான் கண்டுபிடிக்கவேண்டும். ஏ.டி.எச்.டி. என்றால் 12 வயதுக்கு முன்பே அடையாளம் இருந்திருக்கவேண்டும். ஆகவே செல்போனில் ஒரு நிமிஷப் படம் பார்த்துவிட்டு “எனக்கும் இதேதான்” என்று முடிவு கட்டவேண்டாம். தைராய்டு, ரத்த சோகை இருந்தாலும் மறதி வரும். டாக்டர் அதையும் பார்ப்பார்.

ஏ.டி.எச்.டி.க்கு மாத்திரை உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாது. ஆட்டிசத்தை மாற்ற மாத்திரை கிடையாது. மாற்றவேண்டியது வீட்டைத்தான். சத்தத்தைக் குறைக்கலாம். ஒரு வேலை முடிந்த பிறகு அடுத்த வேலையைச் சொல்லலாம். வரமாட்டேன் என்கிறவளைக் கல்யாண வீட்டுக்கு இழுத்துப் போகாமல் இருக்கலாம்.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. ஏ.டி.எச்.டி.க்கு அந்தப் பட்டியலில் தனி இடம் இல்லை. இது குறைதான்.

எங்கே போவது?

ஆரணிக்காரர்களுக்கு வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது. திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. போக முடியாதவர்கள் 14416-க்கு போன் செய்தால் தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது.

போகும்போது அம்மாவையோ அக்காவையோ கூட அழைத்துப் போங்கள். பழைய பள்ளிக்கூட மார்க் அட்டை பரண்மேல் கிடந்தால் அதையும் எடுத்துப் போங்கள். “நன்றாகப் படிப்பாள், ஆனால் கவனம் போதாது” என்று டீச்சர் அதில் எழுதியிருக்கக் கூடும்.