யாரைக் கேட்டுக் கட்டினார்கள்? மினெட் டி சில்வாவை ஆம்பூரிலிருந்து வாசித்தல்

ஆம்பூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரே அச்சில் வார்த்த மாதிரி தொகுப்பு வீடுகள். அதிலொன்றில் இருக்கும் அக்கா தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர். "சுண்ணாம்பு நாத்தத்தோட வர்றோம். குளிச்சிட்டுத்தான் உள்ள போவணும். குளிக்கிற எடத்த அடுப்பாண்ட கொண்டுபோய் வெச்சிருக்கான். எங்கள ஒரு வார்த்த கேட்டானா?" என்றார். கட்டடக்கலை குறித்து நான் கேட்ட மிகச் சரியான விமர்சனம் இது.

இந்தக் கேள்வியிலிருந்தே வேலையைத் தொடங்கிய ஒருவர் இலங்கையில் இருந்தார்: மினெட் டி சில்வா (1918–1998). பம்பாயிலும் லண்டனிலும் படித்தவர். 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவனத்தின் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். ஊர் திரும்பிக் கண்டியில் தொழில் நடத்தினார். 1950களில் அங்கே வட்டபுலுவவில் அரசு ஊழியர் குடியிருப்பு அவர் கைக்கு வந்தபோது, குடிவரப் போகிறவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து அவர்கள் தேவையைக் கேட்டார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்று பல சமூகத்தார். பதில்களை வைத்துப் பலவகை வீடுகள் வரைந்தார்.

இதில் வரலாறு எங்கே வருகிறது? பானிஸ்டர் ஃப்ளெட்சரின் கட்டடக்கலை வரலாறு நெடுங்காலம் பாடநூலாக இருந்தது. அதன் 1901ஆம் ஆண்டுப் பதிப்பு இந்திய, சீன, ஜப்பானியக் கட்டடங்களை 'வரலாறற்ற பாணிகள்' என்று ஒதுக்கியது. வரலாறே இல்லாதவனிடம் கேட்க என்ன இருக்கிறது? கட்டிக் கொடுத்தால் போதும்! அந்நூலின் பிற்காலப் பதிப்பொன்றுக்குத் தெற்காசியப் பகுதியை எழுதியவர் மினெட். 1975 முதல் 1979 வரை ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை வரலாற்றை ஆசியாவை மையமாக வைத்துக் கற்பித்தார். ஒதுக்கப்பட்டவர்களுக்கு வரலாறு உண்டு என்று வகுப்பில் சொன்னதும், குடியிருப்பவருக்கு வாய் உண்டு என்று வட்டபுலுவவில் ஏற்றதும் ஒரே அரசியல்.

ஆனாலும் மினெட்டையும் சும்மா விட வேண்டியதில்லை. கண்டியில் அவர் கட்டிய கருணாரத்ன வீட்டில் தும்பறைப் பாய் நெசவுக்கு இடமுண்டு. அந்தப் பாயை நெய்தவர்கள் சாதியப் படியில் கீழே வைக்கப்பட்ட கின்னரர்கள். அவர்கள் கைவினை வீட்டுக்குள் போனது; கேள்வித்தாள் போனதோ எழுதப் படிக்கத் தெரிந்த அரசு ஊழியரிடம். தோலும் சாதியும் ஒட்டிக் கிடக்கும் நம் ஊரில் இதைப் புரிந்துகொள்ள விளக்கம் தேவையில்லை. இங்கே தைக்கிற ஷூ கடல் கடந்து போகிறது. தைக்கிறவருக்கு வீடு எப்படி இருக்கணும் என்பதை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள்.

அடுத்த தொகுப்பு வீட்டுக்கு அளவெடுக்க வருகிறவர்கள் தாளைக்கூடக் கொண்டுவர வேண்டாம். ஷாப்பு விடுகிற நேரத்துக்கு வந்து நின்றால் அக்காவே சொல்லுவார்.