சம்பந்தன் என்னும் பெயருடையோர்

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின் பெருஞ்சாலை முன்னர்ப் பிரிக்பீல்ட்ஸ் சாலை எனப்பட்டது. இன்று அது துன் சம்பந்தன் சாலை. 2003ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய மோனோரயிலின் நிலையம் ஒன்றும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. அவ்வழியே பள்ளிக்குச் செல்லும் மாணவன் தேவாரப் பாடத்தில் அதே பெயரைக் காணும்போது, இருவரும் ஒருவரோ என ஐயுறுதல் இயல்பே. அவ்வையத்தை நகைத்து ஒதுக்காமல் விளக்கி வைத்தல் ஆசிரியர் கடன்.

இப்பெயருக்கு மூலவர் ஏழாம் நூற்றாண்டில் சீகாழியில் தோன்றிய திருஞானசம்பந்தர். மூன்று வயதில் உமையம்மை அளித்த ஞானப்பாலை உண்டமையால், ஞானத்தோடு சம்பந்தமுற்றவர் எனப் பெயர் பெற்றார் என்பது சைவ மரபு. சம்பந்தம் என்பது தொடர்பு. அவர் பாடல்களே முதல் மூன்று திருமுறைகள்.

அவர்மீது கொண்ட பற்றினால் பின்வந்தோர் பலர் அப்பெயரைத் தாங்கினர். சந்தான குரவர் நால்வருள் மூன்றாமவரும் உமாபதி சிவத்தின் ஆசிரியருமானவர் மறைஞான சம்பந்தர். தருமபுர ஆதீனத்தை நிறுவியவர் குருஞான சம்பந்தர். 'மறை', 'குரு' என்னும் அடைமொழிகளே இவர்களை வேறு பிரித்துக் காட்டுகின்றன. ஆயினும் அடைமொழியும் எப்போதும் போதுவதில்லை. பதினாறாம் நூற்றாண்டில் சிவதருமோத்தரத்தைத் தமிழில் தந்தவரும் மறைஞான சம்பந்தரே. காலத்தை நோக்காது பெயரை மட்டும் நோக்குவோர், பிந்தியவர் நூலை முந்தியவர் தலையில் ஏற்றிவிடக்கூடும்.

அண்மைக் காலத்தில் ஊர்ப் பெயரும் தலைப்பெழுத்தும் அடைமொழியின் இடத்தைப் பெற்றன. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கி, 'மனோகரா' முதலிய நாடகங்களை இயற்றியவர் பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964). கம்பனை ஆராய்ந்த பேராசிரியர் அ. ச. ஞானசம்பந்தன் (1916–2002). திருகோணமலையிலிருந்து இலங்கைப் பாராளுமன்றம் சென்று, 2015 முதல் 2018 வரை எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர் இரா. சம்பந்தன் (1933–2024), 'இரா' என்பது தந்தையாரான இராஜவரோதயத்தைக் குறிக்கும்.

பிரிக்பீல்ட்ஸ் சாலைக்குப் பெயர் தந்தவர் வீ. தி. சம்பந்தன் (1919–1979). பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். 1955 முதல் 1973 வரை ம.இ.கா.வின் தலைவர், அமைச்சர். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, துண்டாடி விற்கப்பட்டு வந்த தோட்டங்களைத் தொழிலாளரே வாங்கி உடைமையாக்க வழிவகுத்தார். 'துன்' என்பது பெயரன்று. நாட்டின் உயரிய விருதோடு வரும் பட்டம். 'வீ' என்பது தந்தையார் வீராசாமி. 'தி' என்பதோ 'திருஞான' என்பதன் முதலெழுத்து. ஆகவே இவருடைய முழுப்பெயர் திருஞான சம்பந்தன் என்பதே! இவர் பட்டம் பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள சிதம்பரமும் சீகாழிக்கு அண்மையதே. மாணவன் இருவரையும் ஒருவரோ என ஐயுற்றது தவறாயினும், இரு பெயரும் ஒன்றே என உணர்ந்தது தவறன்று.

இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலத்தில் எழுதுகையில் மலேசியத் தலைவரின் பெயரில் பகரம் மெல்லிய ஒலிக்குரிய எழுத்தாலும், இலங்கைத் தலைவரின் பெயரில் வல்லொலிக்குரிய எழுத்தாலும் குறிக்கப்படுகிறது. ஆதலின் ஆங்கில அகரவரிசையில் ஒரு பெயரே இரண்டாகப் பிரிந்து நிற்கும். தமிழ் அகரவரிசையிலோ வெவ்வேறு மனிதர் ஒரே இடத்தில் கூடி நிற்பர். முன்னதில் பெயரின் ஒருமை மறைகிறது. பின்னதில் மனிதரின் வேறுமை மறைகிறது.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. பெயரைக் கூறுங்கால் ஊர், காலம், தந்தை பெயர், செய்த பணி ஆகிய நான்கனுள் இரண்டையேனும் உடன் கூறுதல் வேண்டும். சங்கப் புலவரை ஊரும் தொழிலும் சேர்த்து வழங்கிய தமிழர்க்கு இது புதிய முறையன்று. அவ்வாறு கூறாவிடில், தோட்டத் தொழிலாளர்க்கு நிலம் தேடித் தந்தவரின் பெயர் நாளடைவில் நிலையத்தின் பெயராக மட்டுமே எஞ்சிவிடும்.