அவசரமில்லாத பூஞ்சை

பிரான்சின் தெற்கே மில்லோ நகருக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது தார்ன் ஆற்றுக்கு மேலே நிற்கும் பாலத்தைத்தான். 2004-இல் திறக்கப்பட்டது, உச்சிவரை 343 மீட்டர், ஐஃபெல் கோபுரத்தையும் மிஞ்சிய உயரம். வண்டியை ஓரங்கட்டிப் படம் எடுத்துக்கொண்டு பெரும்பாலோர் அப்படியே மத்தியதரைக் கடலை நோக்கிக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கிருந்து தென்மேற்கே சுமார் 25 கிலோமீட்டர் விலகினால் ரோக்ஃபோர்-சுர்-சூல்சோன் என்ற கிராமம். சில நூறு பேர்தான் குடியிருக்கிறார்கள். செங்குத்தான பாறைச் சுவர் ஒன்றின் காலடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். தெருவில் நடந்தால் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. ஊரின் முக்கியமான பகுதி தெருவுக்குக் கீழே, குகைக்குள் அடுக்கடுக்காக இருக்கிறது. உலகில் ரோக்ஃபோர் என்ற பெயரில் விற்கும் நீலப்புள்ளி சீஸ் முழுவதும் இங்கேதான் முதிர வேண்டும். இது சட்டம். அந்தச் சட்டத்தின் கதைக்கு அப்புறம் வருகிறேன், முதலில் மலை.

மலையின் பெயர் கொம்பலூ. மேலே சுண்ணாம்புப் பாறை, கீழே களிமண் கலந்த மண். நீர் ஊறி ஊறி அடி வழுக்கியதில், எப்போதோ மலையின் விளிம்பு உடைந்து சரிந்தது. சரிந்த பாறைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுமாறாக விழுந்து, சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளமும் 300 மீட்டர் அகலமும் உள்ள குவியலாக நின்றுவிட்டன. இடையிடையே நீண்ட வெடிப்புகள். ஊர்க்காரர்கள் அவற்றை ஃப்ளூரின் என்பார்கள். மலைக்கு உள்ளும் வெளியும் வெப்பம் மாறுபடுவதால் இந்த வெடிப்புகளில் காற்று ஓயாமல் நகர்கிறது. ஈரப் பாறைகளை உரசிக்கொண்டு வருவதால் குளிர்ந்து, ஈரத்தைச் சுமந்து குகைக்குள் இறங்குகிறது. வெளியே ஆகஸ்ட் வெயில் கொளுத்தினாலும் ஜனவரியில் உறைந்தாலும், உள்ளே 8 முதல் 12 டிகிரி. ஈரப்பதம் 95 சதவீதத்தை ஒட்டி. வெடிப்பின் வாயில் சின்ன மரக்கதவு. முதிர்விப்பதில் கைதேர்ந்தவர் அதைக் கொஞ்சம் திறந்தும் கொஞ்சம் மூடியும் காற்றை அளந்து விடுகிறார். மின்சாரம் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இந்த ஊருக்குக் குளிர்சாதன அறை கிடைத்துவிட்டது.

ஆனால் சுற்றிலும் இருக்கும் நிலம் இவ்வளவு தாராளமானதல்ல. லார்சாக் போன்ற சுண்ணாம்புப் பீடபூமிகளில் மழை விழுந்த வேகத்தில் உள்ளே இறங்கிவிடும். ஆறு, குளம் எதுவும் மேலே தங்காது. ஆடு குடிக்க மழைநீரைப் பிடித்துவைக்கத் தரையில் கல் பாவிய வட்டக் குட்டைகளை இன்றும் பார்க்கலாம். பசு வளர்க்கத் தோதான மேய்ச்சல் இல்லை, செம்மறிதான் தாங்கும். இன்று அனுமதிக்கப்பட்ட ஒரே இனம் லக்கோன். செம்மறிப் பாலில் கொழுப்பு ஏறக்குறைய 7 சதவீதம், பசும்பாலைப்போல இரு மடங்குக்கு நெருக்கம். பாலோ கொஞ்சமாகத்தான் கிடைக்கும்: மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான ஒரு வட்டு சீஸுக்குச் சுமார் 12 லிட்டர் பால் வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. குளிர்காலத்தில் குட்டி போட்ட ஆடு கோடையோடு பாலை நிறுத்திவிடும். வருடத்தில் பாதிக்கும் சற்று அதிகமான காலம்தான் கறவை. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சீஸில் வளரும் பூஞ்சையின் குணத்தை இதுதான் தீர்மானித்திருக்கிறது.

பாலைக் காய்ச்சுவதில்லை, இளஞ்சூடாக்குவதோடு சரி. உறைநொதி சேர்த்துத் திரைத்து, திரளைச் சிறு கட்டிகளாக வெட்டி, அமுக்காமல் அச்சில் போடுகிறார்கள். அமுக்கினால் கெட்டுப்போகும், ஏனென்றால் கட்டிகளுக்கு நடுவே இடைவெளி தேவை. அங்கே ஒருவகை லாக்டிக் பாக்டீரியா கரியமில வாயுவை வெளிவிட்டு அந்த இடைவெளிகளை இன்னும் பெரிதாக்குகிறது. பிறகு உலர் உப்பைத் தடவுகிறார்கள். பிறகு நீண்ட ஊசிகள் வரிசையாகப் பதித்த கருவியால் மேலிருந்து கீழாகக் குத்துகிறார்கள். ஊசித் துளை வழியே உள்ளே தேங்கிய வாயு வெளியேறி, ஆக்சிஜன் நுழையும். அதற்காகவே காத்திருந்ததுபோல் பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டி என்ற பூஞ்சை விழித்துக்கொள்ளும். பெனிசிலின் மருந்தைத் தந்த பூஞ்சைக்கு இது ஒன்றுவிட்ட உறவு. ஒரு வட்டைக் குறுக்கே வெட்டினால் நீலப்பச்சை நரம்புகள் நேர்கோடாக ஓடுவதைக் காணலாம். அவை ஊசி போன பாதை. சுற்றியுள்ள பொந்துகளில் தூள்தூளாகப் படிந்திருப்பது பூஞ்சையின் வித்துகள்.

வாசனை எங்கிருந்து வருகிறது? பூஞ்சை கொழுப்பை உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக்குகிறது. அந்த அமிலங்கள் அளவுக்கு மீறினால் பூஞ்சைக்கே விஷம். தப்பிக்க அவற்றை மெத்தில் கீட்டோன் என்னும் ஆவியாகும் பொருள்களாக மாற்றிவிடுகிறது என்று உயிர்வேதியியலாளர்கள் கருதுகிறார்கள். ஹெப்டனோன், நோனனோன் இரண்டும் இந்தக் குடும்பத்தில் முக்கியமானவை. நீல சீஸைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி, ஒரு பூஞ்சை தன்னைக் காப்பாற்றிக்கொண்ட வேலையின் மிச்சம். பழகாதவர்கள் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. இதே பூஞ்சை புரதத்தையும் சிதைப்பதால்தான் சீஸ் நாக்கில் வெண்ணெய்போலக் கரைகிறது.

இதை முதலில் கண்டுபிடித்தவன் ஓர் ஆட்டிடையன் என்பார்கள். ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் குகையில் வைத்துவிட்டு ஒரு பெண்ணின் பின்னால் போனானாம்; திரும்பி வந்தபோது கட்டியில் பூஞ்சை பூத்திருந்ததாம். காதல் கலக்காமல் ஓர் உணவுக்குப் பிறப்புச் சான்றிதழ் தர பிரெஞ்சுக்காரர்களுக்கு மனம் வராது. எனக்கு உறுத்துவது வேறு: பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் இந்தக் குளிர்க் குகைகளில் நின்று வட்டு வட்டாகச் சுரண்டி, உப்பிட்டு, திருப்பி வைத்தவர்கள் பெண்கள். கபானியேர் என்று அவர்களைக் கூப்பிட்டார்கள். அவர்களைப் பற்றிக் கதை கட்ட யாரும் மெனக்கெடவில்லை. பூஞ்சை சீஸின் வயதோ இடையனுக்கு வெகு முந்தியது. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் உப்புச் சுரங்கத்தில் உப்பில் பதமாகிக் கிடந்த, ஏறக்குறைய 2,700 ஆண்டு பழைய மனித மலத்தைப் பரிசோதித்தவர்கள் 2021-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அதில் இதே பூஞ்சையும் பியர் நொதிக்கவைக்கும் ஈஸ்டும் இருந்தன. சுரங்கத் தொழிலாளி நீல சீஸும் பியரும் சாப்பிட்டிருக்கிறார்.

ரோக்ஃபோர் பூஞ்சையைப் பரம்பரை பரம்பரையாகக் காத்தது ரொட்டி. ரை மாவும் கோதுமை மாவும் கலந்து பெரிய ரொட்டிகளைச் சுட்டு, குகையில் ஒன்றரை இரண்டு மாதம் விட்டுவைப்பார்கள். உள்ளே பூஞ்சை முழுதாகப் பரவியதும் அதை உலர்த்திப் பொடித்து, அடுத்த பருவத்துப் பாலில் தூவுவார்கள். நம் வீட்டில் நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலை உறைய வைப்பதைப் போலத்தான்: எந்த உறை நன்றாக இருந்ததோ அதுவே தொடரும். பெயர் தெரியாத பூஞ்சையைப் பெயர் தெரியாதவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பழக்கியிருக்கிறார்கள்.

அந்தத் தேர்வின் தடம் மரபணுவில் இருக்கிறது. 2020-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பலவிடங்களிலிருந்து இந்தப் பூஞ்சையின் மாதிரிகளைச் சேகரித்து மரபணு வரிசையை ஒப்பிட்டார்கள். மரத்திலும் கால்நடைத் தீவனத்திலும் வளரும் காட்டுவகைகள் ஒரு பக்கம். சீஸில் வளர்வது இரண்டு கூட்டம்: ரோக்ஃபோரில் ஒன்று, உலகின் மற்ற நீல சீஸ்களில் பெரும்பாலும் இன்னொன்று. இரண்டையும் மனிதன் தனித்தனியாகப் பழக்கியிருக்கிறான். மற்ற நீல சீஸ்களின் கூட்டம் சீஸில் வேகமாகப் பரவும். அதற்கு உதவும் மரபணுத் துண்டுகளை வேறு பூஞ்சைகளிடமிருந்து அது பெற்றிருக்கிறது. ரோக்ஃபோர் கூட்டத்தில் அந்தத் துண்டுகள் இல்லை. சீஸில் மெதுவாக வளரும், ஆனால் கொழுப்பை நன்றாக உடைக்கும், ரொட்டியில் வித்துகளை அள்ளிக் கொட்டும்.

மெதுவாக வளரும் பூஞ்சையை ஏன் பிடித்து வைத்திருந்தார்கள்? ஆடு கோடையில் பால் நிறுத்திவிடும் என்றேனே, பதில் அதில்தான். கறவைக் காலத்துச் சீஸை வருடம் முழுக்க விற்க வேண்டும், குளிர்ப்பெட்டி கிடையாது. வேகமாகத் தின்னும் பூஞ்சை சீக்கிரமே வட்டைக் கெடுத்துவிடும். நிதானமானது நிலைத்தது. ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம் இது; ஒரு மேய்ச்சல் நிலத்தின் பஞ்சாங்கம் ஒரு பூஞ்சையின் உடம்பில் பதிந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

இனி சட்டம். 1411-இல் ஆறாம் சார்ல் மன்னர் ரோக்ஃபோர் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே இந்தச் சீஸை முதிர்விக்கும் உரிமை தந்தார். 1666-இல் துலூஸ் நீதிமன்றம் போலியை இந்தப் பெயரில் விற்பவர்களைத் தண்டிக்க உத்தரவிட்டது. 1925-இல் பிறப்பிடப் பெயருக்கான சட்டப் பாதுகாப்பைப் பெற்ற முதல் பிரெஞ்சு சீஸ் இதுதான். பிரான்சில் மது, சீஸ் என வரிசையாகப் பின்னால் வந்த பாதுகாப்புகளுக்கு இது முன்னோடி வரிசையில் நிற்கிறது. வியாபாரத் தந்திரம் என்று இதைச் சிலர் கேலி செய்வார்கள். ஆனால் 2020 ஆய்வு சொன்ன இன்னொரு செய்தியைக் கவனிக்க வேண்டும்: ரோக்ஃபோர் கூட்டத்தில் மரபணு வேற்றுமை மிச்சம் இருக்கிறது. உள்ளூர்ப் பூஞ்சையையே பயன்படுத்த வேண்டும் என்ற விதி அதைக் காத்திருக்கலாம். மற்ற நீல சீஸ்களில் ஏறத்தாழ ஒரே நகல் மட்டுமே புழங்குகிறது. நகலெடுத்தே காலம் தள்ளும் பூஞ்சை இனப்பெருக்கத் திறனை இழந்து நோஞ்சானாகிறது என்று 2024-இல் பிரெஞ்சு தேசிய ஆராய்ச்சி மையம் எச்சரித்தது. காமம்பேர் சீஸின் வெள்ளைப் பூஞ்சையின் நிலை இன்னும் மோசம். மறுபுறம், ஆல்ப்ஸ் மலையில் தெர்மிஞோன் என்ற ஊரில், வித்து தூவாமலே தானாகப் பூஞ்சை பிடிக்கும் நீல சீஸ் ஒன்று உண்டு. செய்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அதில் ரோக்ஃபோர் பூஞ்சை இனத்திலேயே அதுவரை அறியாத கூட்டம் ஒன்று அகப்பட்டது.

சீஸுக்காகச் சண்டைகளும் நடந்தன. ஹார்மோன் ஊட்டிய மாட்டிறைச்சியை ஐரோப்பா தடுத்ததற்குப் பதிலடியாக 1999-இல் அமெரிக்கா ரோக்ஃபோருக்கு 100 சதவீத வரி போட்டது. அதை எதிர்த்து லார்சாக் ஆட்டுப் பண்ணைக்காரர் ஜோசே போவே நண்பர்களோடு போய், மில்லோவில் கட்டிக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸ் கடையைப் பட்டப்பகலில் பிரித்துப் போட்டார். சிறைக்குப் போனார், நாட்டின் நாயகனானார்.

சாப்பிடும் முறை ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து ஒரு மணி நேரம் வெளியே வைக்க வேண்டும். கீட்டோன்கள் ஆவியாக அந்த நேரம் தேவை. உப்பு அதிகம், ஆகையால் ரை ரொட்டியில் கொஞ்சமாகப் பூசி, பேரிக்காயோ வால்நட்டோ சேர்த்துக் கொள்வார்கள். பிரெஞ்சுக்காரர்கள் பக்கத்தில் வைக்கும் இனிப்பு மது சோத்தேர்ன். போர்தோ அருகே விளையும் அந்தத் திராட்சையை இனிப்பேற்றித் தருவதும் ஒரு பூஞ்சைதான், பொட்ரிட்டிஸ் சினெரியா என்று பெயர். அது பழத்தின் தோலைத் துளைத்து நீரை வற்றவைக்க, சர்க்கரை உள்ளே செறிகிறது.